அமலன் கட்டிய வார்

என் உயிரைக் காப்பாற்றியவனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

எங்கள் கண்ணாடி வியாபாரிகள் சங்கத்தில் ஒரு மலர் போடுகிறார்கள். கடைகளிலும் பட்டறைகளிலும் பஸ் நிலையங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ரத்தப்போக்கை நிறுத்தும் பை ஒன்று தொங்க வேண்டும், அதைப் பற்றி அனுபவப்பட்டவர் ஒருவர் எழுத வேண்டும் என்று முடிவு செய்தார்களாம். எழுதச் சொல்லி முதலில் கேட்டது என்னை அல்ல, அமலனை. அவன், "எனக்கு எழுத்தெல்லாம் வராதுவே. இசக்கி நல்லா எழுதுவான். கையை அறுத்துக்கிட்டவனும் அவன்தான்லா" என்று சொல்லியிருக்கிறான். ஆக, என் கை அறுந்த கதையை எழுதும் உரிமைகூட அவன் விட்டுக்கொடுத்துத்தான் எனக்கு வந்திருக்கிறது.

நான் இசக்கிமுத்து. ஊர் சேரன்மகாதேவி. பாளையங்கோட்டையில் ஒரு கடையில் கண்ணாடி அறுக்கிறேன். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அமலனுக்கு உவரிப் பக்கம். அப்பாவும் தம்பிமாரும் கடலுக்குப் போகிறார்கள், இவன் மட்டும் கண்ணாடிக்கு வந்துவிட்டான். எனக்குப் பிறகு சேர்ந்தவன்தான். ஆனால் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய் அவனிடம் அளவு சொல்ல ஆரம்பித்தார்கள். ஆள் வாட்டசாட்டம், மாதா கோயிலில் பாடுகிற குரல், யாரைக் கண்டாலும் ஒரு சிரிப்பு. ஜன்னலுக்குக் கண்ணாடி கேட்டு வந்தவர் அவனிடம் பேசி முடித்துப் போகும்போது அலமாரிக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார். அண்ணாச்சிக்கு அது பிடிக்காமல் இருக்குமா?

நான் அவனை ஜெயித்தது ஒரே ஒரு விஷயத்தில். சங்கத்தில் ஒரு பயிற்சி வைத்தார்கள். கடைக்கு ஒரு ஆள் வர வேண்டும். அண்ணாச்சி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஏலே இசக்கி, நீ போயிட்டு வா. நீதான் நிதானமான ஆளு" என்றார். அமலன் பக்கத்தில்தான் நின்றான். அன்றைக்கு நான் சாப்பிட்ட மத்தியானச் சாப்பாடு ருசியாக இருந்தது.

பயிற்சியில் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன், மலருக்கு அதுதான் முக்கியம். கையிலோ காலிலோ பெரிய ரத்தக்குழாய் அறுந்துவிட்டால் ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த உடம்பு காத்திருக்காது. பக்கத்தில் நிற்கிறவன்தான் நிறுத்த வேண்டும். முதலில் துணியை வைத்து இரண்டு கையாலும் பலமாக அமுக்க வேண்டும். ஆழமான காயம் என்றால் பைக்குள் இருக்கும் நீளத் துணியைக் காயத்துக்குள்ளேயே திணித்து அமுக்க வேண்டும். அதற்கும் நிற்காமல் பீச்சி அடித்தால், காயத்துக்கு மேலே வாரைக் கட்ட வேண்டும். அந்த வாருக்கு இங்கிலீஷில் டூர்னிக்கெட் என்று பெயர், எங்கள் கடையில் பெல்ட்டு. அதில் ஒரு சின்னக் கம்பு கோத்திருக்கும். ரத்தம் நிற்கும்வரை கம்பைத் திருக வேண்டும், பிறகு அதற்கென்று இருக்கும் கொக்கியில் மாட்ட வேண்டும். கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் யாரும் அதை அவிழ்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்து ஒரு சிவப்புப் பை தந்தார்கள். அதற்கு நான்தான் பொறுப்பு. கல்லாவுக்குப் பின்னால் ஆணி அடித்து மாட்டினேன். கடை ஆட்களை உட்காரவைத்து நானே பாடம் நடத்தினேன். அமலன் சீவலைத் தின்றுகொண்டு சுவரில் சாய்ந்து நின்றான். கவனிக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. "என்னலே, புரியுதா?" என்று கேட்டேன். "சொல்லுவே, கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றான். இன்னொரு கை சீவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஆயுத பூஜை வந்தது. கண்ணாடிக் கடையில் பூஜை என்றால் வைரமுனைக் கட்டர், ஸ்கேல், இடுக்கி, தேய்க்கும் மெஷின், நாங்கள் மாட்டிக்கொள்ளும் தோல் கையுறை, முழங்கை வரை வரும் உறை எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவோம். மறுநாள் மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக் கூடாது. பொரியும் சுண்டலும் வந்த பிறகு அண்ணாச்சி ஒரு சுற்று பார்த்தார். சிவப்புப் பை ஆணியில் தொங்குவதைக் கண்டார்.

"இதை விட்டுட்டியேலே. இதுவும் தொழில் சாமான்தான?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பையை இறக்கி, மூன்று பட்டை சந்தனம் இட்டு, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்து, கட்டருக்கு மேலேயே வைத்தேன். அதற்குத் தனியாக ஒரு செவ்வந்திச் சரமும் சுற்றினேன்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத் தொட்டதெல்லாம் துலங்கும் என்று, பெருமாள்புரத்தில் ஒரு அம்மா புதிதாக அழகு நிலையம் திறக்கிறார். அவருக்குப் பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று முன்பே அறுத்து, விளிம்பு தேய்த்து, சட்டத்தில் நிறுத்தியிருந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் வேண்டும் என்று வேன் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். அண்ணாச்சி இன்னும் வரவில்லை, மறுபூஜையும் ஆகவில்லை. கடையில் நானும் அமலனும்தான்.

அறுக்கப் போவதில்லை, தேய்க்கப் போவதில்லை, சும்மா தூக்கிக் கொடுப்பதுதானே என்று நினைத்தேன். கையுறை சாமிக்கு முன்னால் இருந்தது. வெறுங்கையால் கண்ணாடியை இழுத்தேன். அதற்கு முன்னால் சாய்த்துவைத்திருந்த வேறொரு கனத்த கண்ணாடித் தகடு சரிந்தது. கண்ணாடி அறுக்கிற எவனும் சரிகிற கண்ணாடியைப் பிடிக்கப் போக மாட்டான், விலகத்தான் வேண்டும். நான் இடது கையை நீட்டினேன்.

வலிக்கவே இல்லை. முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, உட்பக்கம், சட்டை திறந்துகொண்ட மாதிரி இருந்தது. அப்புறம் ரத்தம் அடித்தது. வடியவில்லை, அடித்தது. ஒவ்வொரு நெஞ்சுத் துடிப்புக்கும் ஒரு தடவை சுவரில் போய் விழுந்தது.

அமலன் ஒரு துணியை வைத்து அமுக்கினான். நிற்கவில்லை. அவன் திரும்பிச் சரஸ்வதி படத்தைப் பார்த்தான், சிவப்புப் பையைப் பார்த்தான். அப்போது நான் சொன்னதை இன்றுவரை ஊரே சொல்லிச் சிரிக்கிறது.

"ஏலே, அதைத் தொடாதலே. மறுபூஜை முடியல."

"சாமி ஒண்ணும் சொல்லாது, நீ பேசாம இரு" என்று சொல்லிக்கொண்டே அவன் செவ்வந்திச் சரத்தை அறுத்துப் பையைப் பிரித்தான். கட்டர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. என் கட்டர். அதுதான் எனக்குக் கடைசியாக ஞாபகம் இருப்பது.

மற்றதெல்லாம் பிறர் சொல்லித் தெரியும். பெல்ட்டை அக்குளுக்குப் பக்கத்தில் கட்டி, ரத்தம் நிற்கும்வரை திருகியிருக்கிறான். நேரத்தை எங்கே எழுதுவது என்று தெரியாமல், கண்ணாடியில் அளவு குறிக்கும் மார்க்கரால் என் நெற்றியில் எழுதியிருக்கிறான். அழகு நிலையத்து அம்மா கண்ணாடிக்குக் கொண்டுவந்த வேனிலேயே என்னைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போது கட்டினீர்கள் என்பதுதானாம். அமலன் என் நெற்றியைக் காட்டினானாம். அந்த எழுத்து லேசில் போகவில்லை. நர்ஸ் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தும் அவன் கையெழுத்து என் நெற்றியில் நீலமாக நின்றது. பார்க்க வந்தவர்களெல்லாம் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

கண் விழித்தபோது பக்கத்தில் என் மனைவி பார்வதி இருந்தாள்.

"கை இருக்கா?" என்றேன்.

"இருக்கு. அன்னா பாருங்க, இருக்கு."

கட்டுக்குள் ஒரு பொதி மாதிரி இருந்தது. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை என்னுடையவை என்று அவள் சொல்லித்தான் நம்பினேன்.

டாக்டர் வந்து விளக்கினார். பொறுமையான மனுஷன். அறுந்தது கைக்குப் போகும் பெரிய தமனி, அதாவது நெஞ்சிலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாய். காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து இடையில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதோடு ஒரு நரம்பும் அறுந்திருந்தது. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் உணர்ச்சி கொடுப்பது அந்த நரம்புதானாம். அதையும் தைத்திருக்கிறார்கள்.

"ரத்தம் நல்லா ஓடுது. கை பிழைச்சிருச்சு" என்றார். "நரம்புதான் மெதுவா வளரும். நகம் வளர்ற மாதிரின்னு வெச்சுக்குங்க. தைச்ச எடத்துலேர்ந்து விரல் நுனி வரைக்கும் அது போய்ச் சேரணும். சேரலாம். பாதியில நிக்கவும் செய்யலாம். இப்பவே சொல்ல முடியாது."

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் என் விரல் நுனிகளைத் திரும்பப் பார்த்தார்.

கண்ணாடி அறுப்பது வலது கை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வலது கை கட்டரை இழுக்கும், அவ்வளவுதான். இடது கைதான் ஸ்கேலை அசையாமல் பிடிக்கும். இழுத்து முடித்ததும் கீறல் ஒரே சீராக விழுந்திருக்கிறதா என்று இடது விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாதது நுனிக்குத் தெரியும். அது தெரியாமல் உடைத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் போகும். நுனி செத்துவிட்டால் என் மேஜை எனக்கில்லை. யாருக்குப் போகும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆஸ்பத்திரி நாட்களில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு பரிசோதனை. டாப்ளர் என்று ஒரு சின்னக் கருவி. பசை தடவி மணிக்கட்டில் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். உஷ், உஷ் என்று, வாய்க்காலில் மடை திறந்த மாதிரி. அதை வைக்கும்போதெல்லாம் பார்வதி கையைக் கூப்பிக்கொண்டு நிற்பாள். மற்றதெல்லாம் காத்திருப்புதான். ரத்தம் எடுக்கக் காத்திருப்பு, கட்டுப் பிரிக்கக் காத்திருப்பு, பெரிய டாக்டர் சுற்றி வரக் காத்திருப்பு. கட்டிலில் கிடக்கிறவனைவிட வராந்தா பெஞ்சில் கிடக்கிறவர்கள் பாடுதான் பெரிது. பார்வதி அந்த பெஞ்சிலேயே தலை சீவி, அந்த பெஞ்சிலேயே இட்லி தின்று, என்னிடம் வரும்போது மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள். ஆஸ்பத்திரிச் செலவில் காப்பீட்டு அட்டைக்குள் அடங்காததை அண்ணாச்சி பார்த்துக்கொண்டார். எவ்வளவு என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கத் துணியவில்லை.

அமலன் தினமும் வந்தான். மத்தியானம் வேலைக்கு நடுவில் தூக்குச்சட்டியோடு வருவான். அவன் அம்மா வைத்த மீன்குழம்பு. அந்தக் குழம்பைப் பற்றிக் குறை சொல்ல எனக்கும் ஆசைதான், முடியவில்லை. அவன் வந்தால் வார்டே கூடிவிடும். பக்கத்துக் கட்டிலில் காலொடிந்து கிடந்த வாழைத்தார் லாரிக்காரர், "தம்பி, அந்தக் கதையை ஒருக்கச் சொல்லு, இவன் நேத்து ராத்திரிதான் வந்தான், கேக்கல" என்று புதிதாக வந்த நோயாளியைக் காட்டுவார். அமலன் சொல்வான். நான் மறுபூஜை முடியவில்லை என்று சொன்ன இடம் வரும்போது எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அவன் அற்பனாக இருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் கடைசியில், "எனக்கு என்ன தெரியும்? இசக்கிதான் சொல்லித் தந்தான். அவன் சொன்னதை அப்படியே செஞ்சேன்" என்பான். உண்மையைத்தான் சொல்கிறான். அதற்கு நர்ஸ் என்ன சொன்னார் தெரியுமா? "எவ்வளவு தன்னடக்கம் பாருங்க" என்றார். நான் கட்டிலில் கிடந்தபடி, "ஆமா, நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றேன். "சரி, சரி, நீங்க பேசாம படுங்க" என்று போர்வையை இழுத்துவிட்டார்.

சங்கத்தில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பேப்பரில் படம் வந்தது. பார்வதி கொண்டுவந்து காட்டினாள். சிவப்புப் பையைக் கையில் பிடித்தபடி அமலன் சிரிக்கிறான், பையில் நான் இட்ட சந்தனம் இன்னும் தெரிகிறது. கீழே அவன் பெயர், அவன் அப்பா பெயர், அவன் ஊர். என்னைப் பற்றி, "உடன் வேலை பார்க்கும் தொழிலாளி ஒருவர்" என்று போட்டிருந்தார்கள். அழகு நிலையத்து அம்மா, அவன் தங்கை கல்யாணத்துக்கு மணப்பெண் அலங்காரம் முழுக்கத் தன் செலவு என்று சொல்லிவிட்டாராம். நல்ல நேரம் தவறிப்போன வருத்தம்கூட அவருக்கு இல்லை. என்னைப் பார்க்க வந்தபோது ஆரஞ்சு வாங்கிவந்தார்.

இதெல்லாம் போகட்டும். பார்வதி அவன் ஊர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். கை சரியானால் மெழுகில் ஒரு கை செய்து வாங்கிவந்து வைக்கிறேன் என்று.

"நம்ம இசக்கியம்மன் என்ன பாவம் செஞ்சா? எம் பேரே அவ பேருதான?"

"அவளுக்கும் பொங்கலிடுதேன்னு சொல்லியாச்சு. ஆனா உயிரக் குடுத்தது அவரு கை. அவரு கும்புடுத சாமிக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்தப் பக்கம்தான் கை என்பதால் அதுவும் முடியாமல் மறுபடி மல்லாந்து படுத்தேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மத்தியானம் அவன் வந்தபோது லாரிக்காரர் எக்ஸ்ரேவுக்குப் போயிருந்தார், பார்வதி மருந்து வாங்கப் போயிருந்தாள். கதை கேட்க ஆள் இல்லை. தூக்குச்சட்டியை வைத்துவிட்டு அமலன் ஸ்டூலில் உட்கார்ந்தான். என் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை.

"ஒன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குவே" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "எதுக்குலே? கையில உணர்ச்சி இல்லன்னா?"

"நீ மயங்கிட்ட. ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நான்லா முழிச்சிக்கிட்டு இருந்தேன். கம்பத் திருகுதேன், நிக்க மாட்டேங்கு. ஒங் கண்ணு வெள்ளையாப் போச்சு. செத்துட்டான்னுதான் நெனச்சேன். செத்தவனுக்குக் கட்டுதோம்னு நெனச்சுக்கிட்டே கட்டுனேன். இப்பம் படுத்தாலும் அதான் வருது. கதையா சொன்னா அந்த நேரத்துக்குக் கொஞ்சம் போவுது. அதான் எல்லாத்துக்கிட்டயும் சொல்லுதேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்த எண்ணம் வேறு. என் ஆயுசிலேயே பெரிய நேரம் அது, அதில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது, அதையும் இவன்தான் வைத்திருக்கிறான். இவன் கெட்ட கனவுக்குக்கூட என் ரத்தம்தான் வேண்டியிருக்கிறது. இப்படித்தான் நினைத்தேன். வாயைத் திறந்து சொன்னது, "மீன்குழம்பு ஆறிரும், எடு" என்பதுதான். அவன் சட்டியைத் திறந்தான். இருவருமாகச் சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகு சேரன்மகாதேவியிலிருந்து பஸ் ஏறி பிசியோதெரபிக்குப் போய்வருவது தொழிலானது. பந்தை அமுக்கு, பொத்தானைப் பொறுக்கு, கம்பளியில் விரலைத் தேய் என்பார்கள். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டு, "எந்த விரல்?" என்று கேட்பார்கள். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் சரியாகச் சொல்வேன். மற்ற மூன்றையும் தொடுகிறார்களா இல்லையா என்றே தெரியாது. சில நேரம் தொடாமலேயே கேட்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு, சும்மாவாவது "ஆட்காட்டி" என்பேன். பயிற்சி கொடுக்கிற பெண் சிரிப்பாள். நரம்பு ஓட்டப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. கையில் கம்பி ஒட்டிச் சின்னச் சின்னதாகக் கரண்ட் வைத்து, நரம்பு எதுவரை செய்தி கொண்டுபோகிறது என்று பார்ப்பார்கள். வலிக்கும். ஆனால் வலித்த இடம் வரை நரம்பு வந்துவிட்டது என்பதால் எனக்கு அந்த வலி வேண்டியிருந்தது. வலி முன்கைக்கு வந்தது, அப்புறம் மணிக்கட்டுக்கு, அப்புறம் உள்ளங்கைக்கு. அங்கேயே நின்றது. மாதங்கள் போயின. "பொறுத்துப் பாக்கலாம்" என்றார் டாக்டர். முன்பு "சேரலாம்" என்று சொன்னபோது இருந்த தெம்பு அந்தக் குரலில் இல்லை.

கடைக்குப் போனேன். அண்ணாச்சி என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் பில் போட உட்காரவைத்தார். என் மேஜையில் அமலன். என் ஸ்கேல், என் விளக்கு. என் கட்டரை மட்டும் அவன் தொடவில்லை. எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்தான். "நீ வந்து எடுத்துக்கிடு" என்றான். அந்த நல்ல குணம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவன் அறுத்த கண்ணாடி ஒன்றை எடுத்து, யாரும் பார்க்காதபோது விளிம்பைச் சோதித்தேன். குறை ஒன்றும் இல்லை.

இப்படி இருக்கும்போது எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நெல் அரவை ஆலையில் சிவப்புப் பை வைத்தார்கள். அரவை மெஷினில் பட்டையும் சக்கரமும் ஓடுகிற இடம், வேண்டியதுதான். செயல் விளக்கம் காட்ட அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூட்டிப் போனார். பேசுவது அமலன். நான் எதற்கு என்றால், தழும்பைக் காட்டுவதற்கு. உமி பறக்கிற களத்தில் ஆலை ஆட்கள், அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்கள், நெல் கொண்டுவந்த சம்சாரிகள் எல்லோரும் நின்றார்கள். அமலன் கதையைச் சொன்னான், சிரித்தார்கள். நான் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினேன், உச்சுக்கொட்டினார்கள்.

"இப்பம் கட்டிக் காட்டணும்" என்று சொன்ன அமலன் நாற்காலியில் உட்கார்ந்தான். "வாலே இசக்கி. நான் உக்காருதேன், நீ கட்டு. எனக்கே நீதான வாத்தியாரு?"

எல்லோருக்கும் எதிரில் அப்படிக் கேட்டால் என்ன செய்வது? அவன் கையில் பெல்ட்டை ஏற்றி, வாரை இழுத்து, வலது கையால் கம்பைத் திருகினேன். மணிக்கட்டில் நாடி நின்றதா என்று பார்க்க வேண்டும், அது பயிற்சியில் உண்டு. வலது கை கம்பில் இருந்ததால் இடது கையை அவன் மணிக்கட்டில் வைத்தேன். சும்மா ஒப்புக்குத்தான் வைத்தேன், அந்த விரல்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

"பைய வே, பைய" என்றான் அமலன்.

ஏதோ ஒன்று நடுவிரல் நுனியில் முட்டியது. கம்பளி நூல் உரசின மாதிரி, அவ்வளவு மெல்ல. என் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். கையை அழுத்தி அசையாமல் வைத்தேன். மறுபடி முட்டியது. ஒரே தாளத்தில் முட்டியது. ஆட்காட்டி விரலிலும் தெரிகிற மாதிரி இருந்தது. நான் இன்னும் ஒரு திருகு திருகினேன். அமலன் பல்லைக் கடித்தான். விரலடியில் இருந்தது தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. கம்பைத் தளர்த்தினேன். திரும்ப வந்தது. அவன் ரத்தம் என் விரலுக்கு அடியில் ஓடியது.

என்னால் கையை எடுக்க முடியவில்லை. "முடிஞ்சுதாலே?" என்றான் அமலன், முகமெல்லாம் வேர்த்து. எடுத்தேன்.

களத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். "எவ்வளவு வலி, எப்படித் தாங்குதாரு பாரு" என்று ஒருவர் சொன்னார். கைதட்டு அவனுக்குத்தான். வழக்கமாக என் வயிறு எரிந்திருக்கும். அன்றைக்கு நானும் தட்டினேன். கைகள் மோதும்போது இடது நுனியில் சுருக்கென்றது, அதற்காகவே இன்னும் கொஞ்சம் தட்டினேன்.

அண்ணாச்சி காரில் ஏறச் சொன்னார். வீடு பக்கம்தான், நடந்து போகிறேன் என்றேன். போகும் வழியில் மதில் சுவரை, மின்கம்பத்தை, யாருடையதோ மாட்டின் முதுகை எல்லாம் தடவிக்கொண்டே போனேன். சிலது தெரிந்தது, சிலது தெரியவில்லை. பார்வதி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரச் சேலையைப் பிடித்திருந்த அவள் மணிக்கட்டை இடது கையால் பிடித்தேன்.

"என்ன இது, தெருவுல வெச்சு? ஆளுக பாப்பாக."

"பேசாம இரு. ஒன் நாடி ஓடுது."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சேலை கீழே மண்ணில் விழுந்தது. என் விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். கண்ணீரின் ஈரம் எனக்குத் தெரியவில்லை, அதன் சூடு தெரிந்தது. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவசரமாக உள்ளே போய் போனை எடுத்துவந்தாள்.

"யாருக்கு?"

"அமலன் அண்ணனுக்குத்தான். அவருகிட்ட மொதல்ல சொல்லணும்லா?"

போனை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"நாளைக்குச் சொல்லலாம், பார்வதி. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இது நம்மகிட்டயே இருக்கட்டும்."